பாழ்நிலமும் உயிர்க்காப்பும்

கொல்லாமை என்றதும் நம் நினைவில் எழுபவை பெரும்பாலும் உணவும் நடையுமே. இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல், நிலம் நோக்கி நடத்தல் ஆகியவற்றை இளமையிலேயே கற்கிறோம். உயிர்கள் வாழும் இடத்தைக் காப்பதும் கொல்லாமையின் ஒரு கூறே என்பதை நாம் போதிய அளவு எண்ணுவதில்லை. இதனை விளக்க இங்கிலாந்திலுள்ள ஓரிடம் நமக்கு நல்ல பாடமாகிறது.

லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் கான்வே தீவு உள்ளது. அங்கே சதுப்பான மேய்ச்சல் நிலம் ஒன்றில், ஆற்றைத் தூர்வாரிய மணலும் வண்டலும் கொட்டப்பட்டன. 1970-களில் அம்மேட்டின்மீது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டத் தொடங்கி, முடிக்காமலேயே கைவிட்டனர். சாலைகளும் விளக்குக் கம்பங்களும் எண்ணெய்த் தொட்டிகளுக்கென இட்ட வட்ட அடித்தளங்களுமே எஞ்சின. பார்ப்பவர்க்கு அது வெறும் பாழ்நிலம்.

ஆனால், ஆராய்ந்தபோது சுமார் 1,400 வகைச் சிற்றுயிர்கள் அங்கு வாழ்வது தெரிந்தது. பிரிட்டனில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட தரைவண்டு ஒன்றும், மிக அருகிவிட்ட ஷ்ரில் கார்டர் என்னும் தேனீயும் அவற்றுள் அடங்கும். 2005-இல் அந்நிலம் சட்டப் பாதுகாப்புப் பெற்றது.

இத்தனை உயிர்கள் அங்கு தழைத்தது எவ்வாறு? சத்தற்ற மணலில் புல் அடர்ந்து வளர்வதில்லை. ஆகவே பூஞ்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. வெயில் பட்டுச் சூடேறும் வெற்றுமணலில் தனித்து வாழும் தேனீக்கள் வளை தோண்டி முட்டையிடுகின்றன. நாம் குறை என்று கருதிய வறுமையே அவற்றின் வாழ்வுக்கு வளமாயிற்று.

எனினும், சட்டம் மட்டும் போதவில்லை. முட்புதர்கள் பரவி மணலை மூடினால் நிழல் படரும், பூக்கள் குன்றும், வளைகள் அழியும். ஆதலால் தொண்டர்கள் கூடிப் புதர்களை அகற்றி, திறந்த வெளியைக் காத்து வருகின்றனர். பறவைகள் கூடு கட்டாத குளிர்காலத்தில், பகுதி பகுதியாக இத்தகைய பணியைச் செய்வதே அந்நாட்டு வழக்கம்.

இங்கு ஓர் ஐயம் எழும். செடியும் ஓரறிவுயிர் அன்றோ? ஓருயிரைக் காக்க மற்றோர் உயிரை வெட்டலாமா?

துறவியர் ஏற்கும் மாவிரதம் எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாதது. இல்லறத்தாரின் அணுவிரதமோ இயங்கும் உயிர்களை எண்ணித் துன்புறுத்துவதை முற்றும் விலக்கி, நிலைத்திணை உயிர்களிடத்துத் தேவைக்கு மேல் செல்லாதிருக்கப் பணிக்கிறது. ஆகவே வெட்டுவதில் வினையே இல்லை என்று நாம் வாதிடலாகாது. அவ்வினையைச் சிறிதாக்குவது விழிப்புணர்வே. எதை, எப்போது, எவ்வளவு அகற்றுவது என்று ஆய்ந்து செய்வது வேறு. "வெறும் புதர்தானே" என்று இயந்திரத்தை ஏவுவது வேறு. நம் ஆகமங்கள் இம்சைக்கு வேராகக் காட்டுவது பிரமாதம் எனப்படும் கவனமின்மையையே அல்லவா?

கைவிட்ட செங்கற்சூளை, தூர்ந்த கல்குவாரி, பூட்டிய ஆலை வளாகம் போன்றவை நம் ஊர்களிலும் உண்டு. அங்குக் கட்டடம் எழுப்பவோ, மரக்கன்று நடவோ முனையுமுன் ஓராண்டு முழுவதும் பருவந்தோறும் சென்று பார்ப்போமாக. இருப்போர் எவர் என்று அறியாமல் செய்யும் நற்செயலும் அவர்தம் இல்லத்தை இடித்துவிடக்கூடும்.

சிந்தனைக்கு:

1. கான்வே நிலத்தில் சட்டத்திற்குப் பின்னும் தொண்டர்கள் தேவைப்பட்டது ஏன்?
2. வெற்றுமணலில் மரம் நடுதல் எப்போது ஊறாக முடியும்?
3. நம் ஊரில் "பாழ்" என ஒதுக்கிய இடத்தில் வாழும் ஈரறிவு, மூவறிவு, நாலறிவு உயிர்கள் யாவை?