கேஸ் போடுவது கடைசி வேலை

1965 மாடல் ஃபோர்டு மஸ்டாங் வாங்குகிறவர்கள் அதன் நீண்ட முகப்பிலும் வி-8 இன்ஜினின் உறுமலிலும் மயங்கித்தான் வாங்குகிறார்கள். டெக்ஸாஸின் ஜூலை வெயிலில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு அடுத்த நாளே ஏசி மெக்கானிக்கைத் தேடிப் போய், "கேஸ் போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். அறுபது வயதான காரில் கேஸ் போடுவது கடைசி வேலை. அதற்கு முந்தைய வேலைகள் ஒழுங்காக முடிந்திருந்தால்தான் அந்தக் கேஸ் தங்கும், குளிரும் தரும்.

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானபோது ஆரம்ப விலை 2,368 டாலர். ஹீட்டர் அந்த விலைக்குள் அடக்கம். ஏசிக்குச் சுமார் 280 டாலர் தனியாகத் தர வேண்டும். 271 குதிரைத்திறன் இன்ஜின் கேட்டவர்களுக்கு ஏசி கிடைக்கவே இல்லை. அன்றைய ஏசி, டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் தனிப் பெட்டி. ஹீட்டருக்கு வேறு பெட்டி. ஒன்றைத் தொடாமல் இன்னொன்றைச் சரிசெய்யலாம் என்பதால் பழுதுபார்ப்பவருக்கு இது பெரிய வசதி.

ஹீட்டரிலிருந்து தொடங்குவதே முறை. முன் இருக்கைக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாக இருந்தால் உடனே ஹீட்டர் கோர் ஓட்டை என்று முடிவுகட்டிப் புதியது வாங்கிவிடுகிறார்கள். இந்தக் காரில் அவசரம் கூடாது. கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே வரும் கௌல் பகுதியின் தகரம் துருப்பிடித்து மழைநீரை உள்ளே விடுவது 65, 66 மாடல்களின் பெயர்போன நோய். ஈரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால், கூடவே கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம்போல் மங்கினால், அது கூலண்ட். வெறும் தண்ணீர் என்றால் கௌல். ஹீட்டர் பெட்டி பயணி பக்கம் இருப்பதால், ஓட்டுநரின் காலடி மட்டும் நனைந்தால் ஹீட்டரைச் சந்தேகிக்கவே வேண்டாம். கார்ப்பெட்டை விலக்கிவிட்டு, ஒருவர் மேலே கௌல் துளைகளில் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே டார்ச்சுடன் படுத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும்.

கோர் தான் பழுது என்றால் பெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும். அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் ஃபயர்வாலின் இன்ஜின் பக்கம் இருக்கின்றன; பெட்டி காருக்குள் வழியாக வெளியே வரும். புதிய கோரை அப்படியே பொருத்திவிடாமல், 10 முதல் 15 பிஎஸ்ஐ காற்று ஏற்றித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது நல்லது. தாமிரம், பித்தளையில் செய்த கோர் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் வண்டியில் அலுமினியம் சீக்கிரம் அரித்துப் போகிறது.

பெட்டி வெளியே இருக்கும்போதே அதன் கதவுகளின் ஓரத்திலுள்ள ஃபோம் பட்டைகளையும் மாற்றிவிட வேண்டும். தொட்டாலே தூளாக உதிரும் அந்தப் பட்டைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான் கண்ட வரையில், "ஏசி குளிரவில்லை" என்ற புகாரில் பெரும் பங்கு இங்கேதான் இருக்கிறது. கதவு சரியாக மூடாமல் சூடான காற்று கசிந்தால் எந்தக் கம்ப்ரஸரும் அதை ஈடுகட்டாது. ஃபயர்வாலில் ரப்பர் இல்லாமல் திறந்து கிடக்கும் துளைகளையும் இப்போதே அடைத்துவிடுங்கள். ஏசிக்குப் போகும் முன் மின்சாரத்தையும் கவனியுங்கள்: 1964 ஆகஸ்டுக்கு முன் தயாரான வண்டிகளில் ஆல்டர்னேட்டர் இல்லை, ஜெனரேட்டர்தான். ஏசியின் மின்சுமையை, அதுவும் சிக்னலில் நிற்கும்போது, அது தாங்காது.

இனி ஏசி. அந்தக் காலத்துக் குளிர்வாயு ஆர்-12. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் விளைவாக, அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றது. அதனால் பெரும்பாலோர் ஆர்-134ஏ-க்கு மாறுகிறார்கள். பழைய மினரல் ஆயில் ஆர்-134ஏ-யுடன் கலந்து ஓடாது. கம்ப்ரஸர் எண்ணெயின்றித் தேய்ந்து போகும். பழைய ஆயிலை வடித்துவிட்டு எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். டிரையரும் ஓ-ரிங்குகளும் புதியவையாக இருக்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவே இந்த வாயு மெல்லக் கசிந்துவிடும் என்பதால், உள்ளே தடுப்புப் படலம் உள்ள ஹோஸ்கள் அவசியம். இந்தச் செலவில் கை வைத்தால் அடுத்த கோடையில் மறுபடி கேஸ் வாங்க வேண்டியிருக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு வாக்குவம் பம்பை முக்கால் மணி நேரமாவது ஓடவிட்டு, நிறுத்திவிட்டு, கேஜ் முள் அசைகிறதா என்று அரை மணி நேரம் காத்திருங்கள். அசைந்தால் கசிவு இருக்கிறது. அசையாவிட்டால் கேஸ் ஏற்றலாம். முன்பு ஆர்-12 பிடித்த எடையில் 80 முதல் 90 சதவீதம் போதும். எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். கூடுதலாகப் போட்டால் கூடுதலாகக் குளிரும் என்பது தவறு. அழுத்தம் ஏறி, குளிர் குறையும். மலிவாக இருக்கிறதே என்று புரோபேன் கலந்த வாயுவை ஏற்றாதீர்கள். அது தீப்பற்றும், அமெரிக்காவில் இந்த மாற்றத்துக்கு அதற்கு அனுமதியும் இல்லை.

ஆர்-134ஏ அதிக அழுத்தத்தில் வேலை செய்வதால் கண்டென்சர்தான் குளிரைத் தீர்மானிக்கிறது. பழைய குழாய் வகையை எடுத்துவிட்டு பேரலல் ஃப்ளோ வகையைப் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். இரண்டு பிஸ்டன் கொண்ட பழைய யார்க் கம்ப்ரஸர் கனமானது, அதிரும். ஆனால் உழைப்பாளி. நல்ல நிலையில் இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் சேன்டன் கம்ப்ரஸர் இன்ஜினை இவ்வளவு வருத்தாது. எதைக் கழற்றினாலும் அசல் பாகங்களைப் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு வண்டியை வாங்குகிறவர் அவற்றைக் கேட்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாயுவை மாற்றிய வண்டியின் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. எந்த வாயு, எவ்வளவு எடை, எந்த ஆயில், என்றைக்கு மாற்றியது என்ற நான்கையும் அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். அடுத்து அந்த பானெட்டைத் திறக்கும் மெக்கானிக்குக்கு வேறு வழியில் அது தெரியாது.