விலை ஏறினால் கூடுதலாக வாங்குவார்களா?

கேள்வி: விலை கூடினால் தேவை குறையும் என்பது விதி. விலை ஏற ஏற அதிகம் வாங்கப்படும் பொருளும் உண்டு என்கிறது என் பாடப்புத்தகம். அப்படி எங்காவது நடந்திருக்கிறதா?
- பொருளியல் மாணவி, திருச்சி

பதில்: நடந்திருக்கிறது. நிரூபிக்கத்தான் நூறாண்டுக்கு மேல் பிடித்தது. ரொட்டி விலை ஏறும்போது ஏழைக் குடும்பம் இறைச்சியைக் குறைத்து, ரொட்டியையே இன்னும் அதிகமாக வாங்கும் என்று ராபர்ட் கிஃபன் கவனித்ததாக ஆல்ஃபிரட் மார்ஷல் 1895-இல் எழுதினார். அதனால்தான் ‘கிஃபன் பண்டம்’ என்ற பெயர். உங்கள் புத்தகம் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தை உதாரணம் காட்டினால் நம்பாதீர்கள். 1845-இல் தொடங்கிய நோயில் விளைச்சலே அழிந்தது. இல்லாத கிழங்கை ஊரே எப்படிக் கூடுதலாக வாங்கும்?

நல்ல சான்று கிடைத்தது சீனாவின் ஹூனான் மாகாணத்தில். பொருளியலாளர்கள் ராபர்ட் ஜென்சனும் நோலன் மில்லரும் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியைச் சலுகை விலையில் வாங்கும் சீட்டுகளை ஐந்து மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2008-இல் வெளியானது. அரிசி மலிந்தபோது அந்தக் குடும்பங்கள் உண்ட அரிசி குறைந்தது! மிச்சமான காசில் வேறு உணவு வாங்கினார்கள். சலுகை நின்றதும் மறுபடி அரிசி கூடியது. வயிறு நிரம்ப வேண்டுமே. விலை ஏறினாலும் இருப்பதில் மலிவு அரிசிதான்.

கௌரவத்துக்காக விலை உயர்ந்ததை வாங்குவது வேறு வகை, அது பொருளியலாளர் வெப்லன் சொன்னது.

ஹூனான் ஆய்வில் என்னை உலுக்கியது இன்னொன்று. பரம ஏழைகளிடம் இந்த விதிவிலக்கு தென்படவில்லை. விட்டுக்கொடுக்க அவர்கள் தட்டில் அரிசியைத் தவிர அநேகமாக வேறெதுவும் இல்லை.