உருகாதது என்றால் எரியாதா?

2025 ஏப்ரல் 25 அன்று ஹைதராபாத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் டிஆர்டிஎல் ஆய்வகம், ஒலியை மிஞ்சும் அதிவேக ஊர்திகளுக்கான ஸ்க்ராம்ஜெட் இயந்திரத்தின் எரியறையைத் தரையில் ஆயிரம் விநாடிகளுக்கு மேல் ஓட்டிக் காட்டியது. 2020 செப்டம்பரில் இதே வகை இயந்திரத்துக்கு வானில் நடந்த சோதனை இருபது விநாடிகளைச் சற்றே தாண்டியது. நேரம் நீள நீள, அந்த வேகத்தில் பறக்கும் ஊர்தியின் மூக்கு நுனியும் இறக்கை விளிம்பும் சூட்டைத் தாங்குமா என்ற கவலையும் பெரிதாகிறது. அந்த இடங்களுக்காகப் பேசப்படுபவைதான் அதிவெப்ப செராமிக்குகள். அவற்றைப் பற்றி உலவும் சில எண்ணங்களைத் திருத்தியாக வேண்டும்.

நம்பிக்கை: உருகுநிலை உயர்ந்த பொருள் எதையும் தாங்கும்.

உண்மை: இந்தச் செராமிக்குகளில் ஒன்றான ஹாஃப்னியம் கார்பைடு உருக ஏறத்தாழ 3,900 டிகிரி செல்சியஸ் வேண்டும், எஃகுக்கு 1,500 போதும். ஆனால் காற்றுப் பட்டால் இதே கார்பைடு சில நூறு டிகிரியிலேயே ஆக்ஸைடாக மாறத் தொடங்கிவிடும். அதனால்தான் சிர்கோனியம் டைபோரைடுடன் சிலிக்கான் கார்பைடைச் சேர்க்கிறார்கள்; சூட்டில் மேலே கண்ணாடிப் படலம் ஒன்று படிந்து, உள்ளே ஆக்ஸிஜன் புகாமல் தடுக்கும். “4,000 டிகிரி தாங்கும்” என்று செய்தி வந்தால், காற்றிலா, ஆர்கான் போன்ற மந்த வாயுவிலா, எத்தனை நேரம் என்று கேளுங்கள்.

நம்பிக்கை: மைக்ரோவேவ் எந்தப் பொருளையும் உள்ளிருந்து சூடாக்கும்.

உண்மை: பொருளைப் பொறுத்தது. சிர்கோனியம் ஆக்ஸைடு குளிர்ந்திருக்கும்போது மைக்ரோவேவைப் பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடும். சூடேறிய பிறகே உறிஞ்சும். கார்பன் முதலிலிருந்தே உறிஞ்சும். அதிவெப்ப செராமிக்கை நானோ இழையாகச் செய்வதில் இந்த வேறுபாடுதான் கைகொடுக்கிறது.

சிர்கோனியம் சேர்மத்தையும் பாலிமரையும் கரைத்து ஊசி முனை வழியாகத் தள்ளி, பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்தால், துளி நீண்டு இழையாகப் பறந்து எதிரிலுள்ள தகட்டில் படியும். தலைமுடியைவிட நூறு மடங்குக்கு மேல் மெல்லிய இழைகள், வெள்ளைப் பஞ்சுத் தாளாகச் சேரும். ஆர்கானில் சூடாக்கினால் பாலிமர் கருகி, ஒவ்வோர் இழைக்குள்ளும் ஆக்ஸைடும் கார்பனும் கலந்து நிற்கும். இன்னும் சூடேற்றினால் இரண்டும் வினைபுரிந்து கார்பன் மோனாக்ஸைடு வெளியேற, கார்பைடு மிஞ்சும். வழக்கமான உலையில் முதலில் சுவர் சூடாக வேண்டும்; 1,400 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைத்தால் இழையிலுள்ள படிக மணிகள் பெருத்து இழை நொறுங்கிப் போகும். மைக்ரோவேவில் இழைக்குள் இருக்கும் கார்பனே வெப்ப மூலமாகிறது. வேலை விரைவில் முடிவதால் மணிகள் பெருக்க நேரமில்லை. இந்த முறையின் உண்மையான பலம் இதுதான். மின்சார மிச்சம் எனக்கு இரண்டாம்பட்சமாகவே படுகிறது.

சிக்கலும் உண்டு. சூடான இடம் மேலும் அதிகமாக உறிஞ்சி, ஒரு மூலை மட்டும் கட்டுமீறிப் போகலாம். ஆர்கானில் திடீரெனப் பிளாஸ்மாவும் பற்றிக்கொள்ளும்.

நம்பிக்கை: உலோகத்தை மைக்ரோவேவில் வைக்கவே முடியாது.

உண்மை: தகடும் கரண்டியும் வேறு, பொடி வேறு. ராஞ்சியில் பிறந்து அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரஸ்டம் ராயும் அவருடைய குழுவினரும், உலோகப் பொடியை மைக்ரோவேவில் முழுமையாகச் சுட்டு இறுக்க முடியும் என்று 1999இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள்.

நம்பிக்கை: மைக்ரோவேவில் செய்த பொருளில் கதிரியக்கம் தங்கும்.

உண்மை: தங்காது. மைக்ரோவேவ் அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு மூலக்கூறுப் பிணைப்பை உடைக்கக்கூட ஆற்றல் போதாது. சுவிட்சை அணைத்ததும் அலை இல்லை. அஞ்ச வேண்டியது உடைந்த இழைத் துகள்கள் நுரையீரலுக்குள் போவதற்கும், வெளியேறும் கார்பன் மோனாக்ஸைடுக்கும். ஆகவே மாணவர்களே, ஹைதராபாத் பாலாப்பூரிலுள்ள பொடி உலோகவியல் ஆய்வு மையமான ஏஆர்சிஐ போன்ற ஆய்வுக்கூடங்களில் முறையாகக் கற்றுச் செய்யுங்கள். வீட்டுச் சமையலறை அடுப்பில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.