தோல் வேலை பழகுவோம்: முதல் பத்துப் பேர்ஸ்கள் விற்பதற்கல்ல

கைத்தொழில் ஒன்றைக் கற்று, தன் கையால் உழைத்து உண்பதை இஸ்லாம் உயர்வாக மதிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்துக் கொண்டார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பு மூலம் அறிகிறோம். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அதில் கிடைத்த வருமானத்தை ஏழைகளுக்குத் தர்மம் செய்து வந்தார்கள். ஆகவே தோல் வேலை எமக்கு அந்நியமான ஒன்றல்ல. அதனைத் தாழ்வான தொழிலாகப் பார்க்கும் மனப்பான்மைக்கும் எமது மார்க்கத்தில் இடமில்லை.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, ஒரே வருமானத்தை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை எமது குடும்பங்கள் பலவற்றுக்கு உணர்த்தியது. அதன் பின்னர் ஓய்வு நேரத்தில் ஏதாவதொரு கைவேலையைப் பழக வேண்டும் என்ற ஆர்வம் இளைஞர்களிடமும் வீட்டிலிருக்கும் சகோதரிகளிடமும் அதிகரித்துள்ளது. தோலினால் பேர்ஸ், பெல்ட், சாவிக் கொத்து செய்வது அவற்றுள் ஒன்று. வரவேற்க வேண்டிய விடயம். ஆனால் பலர் தொடங்கும் முறைதான் கவலை தருகிறது. முப்பது, நாற்பது ஆயுதங்கள் அடங்கிய பெட்டியொன்றை முதலில் வாங்கி விடுகிறார்கள். சிலர் அதற்காகக் கடனும் படுகிறார்கள். இரண்டு பொருட்கள் செய்து பார்த்து, அவை கோணலாக வந்ததும் மனம் சோர்ந்து, பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விடுகிறது. அங்கே முடங்கிக் கிடப்பது குடும்பத்தின் சேமிப்பு என்பதை மறந்து விடக் கூடாது.

எனவே இவ்வாரம் நாம் சொல்ல வருவது இதுதான்: சில ஆயுதங்கள், ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு தையல். இவற்றைப் பத்து முறை செய்து கை பழகிய பின்னரே மற்றவை.

தோலை அறிந்து வாங்குவோம்

சந்தையிலுள்ள தோலை, அது பதனிடப்பட்ட முறையை வைத்து இரண்டு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம். ஒன்று, மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றினால் பதனிடப்பட்ட தாவரப் பதனீட்டுத் தோல். தமிழ்நாட்டின் ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் முஸ்லிம் வணிகர்கள் நீண்ட காலமாகப் பெயர் பெற்றிருப்பது தோல் பதனிடும் தொழிலில்தான். அங்கு முற்காலத்தில் ஆவாரம் பட்டையே இதற்குப் பெரிதும் பயன்பட்டது. மற்றையது குரோமிய உப்பினால் பதனிடப்பட்ட குரோம் தோல். இன்று உலகில் உற்பத்தியாகும் தோலில் பெரும்பகுதி இவ்வகையே.

இரண்டையும் வேறு பிரித்தறிவது கடினமன்று. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம் தோலாகும். சாயமிடாத தாவரப் பதனீட்டுத் தோலின் விளிம்பு இளம் கபிலமாக இருக்கும். அதன் மேல் ஒரு துளி நீர் விட்டால் உறிஞ்சிக் கருமையாகும். நனைத்து வடிவம் கொடுப்பதும், பூ வேலைகளை அழுத்திப் பதிப்பதும், விளிம்பைத் தேய்த்து மினுங்கச் செய்வதும் இந்தத் தோலில்தான் சரியாக வரும். குரோம் தோல் மென்மையானது, நீரை ஓரளவு தாங்கும், பைகளுக்கு நல்லது. ஆனால் அதன் விளிம்பைத் தேய்த்தால் மினுங்காது. விளிம்புக்கென உள்ள பூச்சைப் பூச வேண்டும். பழகுபவர்கள் தாவரப் பதனீட்டுத் தோலில் தொடங்குவதே இலகு.

தடிப்பும் முக்கியம். சிறிய பேர்ஸுக்கு 1 முதல் 1.5 மில்லிமீற்றர் போதும். பெல்ட்டுக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் வேண்டும். மாட்டின் முதுகுப் பகுதித் தோல் இறுக்கமானது, வயிற்றுப் பகுதி இழுபடும். வயிற்றுப் பகுதியில் வெட்டிய பெல்ட் சில மாதங்களில் நீண்டு விடும். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. பழகும் காலத்தில் முழுத் தோல் வாங்க வேண்டாம். புறக்கோட்டையில் சப்பாத்து மூலப்பொருள் விற்கும் கடைகளிலும், சப்பாத்து செய்யும் சிறு பட்டறைகளிலும் வெட்டுத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர்ஸுக்கு அவையே போதுமானவை.

பன்றித் தோல் குறித்து ஓர் எச்சரிக்கை. பேர்ஸ், சப்பாத்து ஆகியவற்றின் உள் அஸ்தருக்கு அது பல நாடுகளில் பயன்படுத்தப்படுகிறது. அதன் மேற்பரப்பில் உரோமத் துளைகள் மூன்று மூன்றாக, சிறு முக்கோணம் போல் அமைந்திருக்கும். ஆனால் ஆட்டுத் தோல் மீதும் ரெக்சின் மீதும் கூட இத்தகைய அடையாளத்தை அச்சாகப் பதிக்க முடியும். எனவே சந்தேகம் வந்தால் விற்பவரிடம் கேட்டுத் தெளிவு பெறுவது அவசியம். ஷாஃபிஈ மத்ஹபின்படி பன்றி, நாய் ஆகியவற்றின் தோல் பதனிட்டாலும் தூய்மையாகாது.

ஆரம்பத்துக்கு வேண்டிய ஆயுதங்கள்

1. கூரிய கத்தி. அலகு மாற்றும் கடதாசி வெட்டும் கத்தியே ஆரம்பத்துக்குப் போதும்.
2. இரும்பு அடிமட்டம். பிளாஸ்டிக் அடிமட்டத்தைக் கத்தி செதுக்கி விடும்.
3. முள்ளுக்கரண்டி போல வரிசையாகப் பற்களுள்ள துளையிடும் உளி. பற்களுக்கிடையே 4 மில்லிமீற்றர் இடைவெளி உள்ளது போதும். நேர்க்கோட்டுக்கு நான்கு பல் உளியும், மூலைகளுக்கு இரண்டு பல் உளியும்.
4. மரச் சுத்தியல். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளியின் தலை சிதைந்து விடும்.
5. முனை மழுங்கிய ஊசிகள் இரண்டு, மெழுகு பூசிய நூல் ஒரு சுருள்.
6. கோடு கீறுவதற்குப் பாடசாலைக் கவராயம், சப்பாத்துப் பசை, சேண்ட் பேப்பர், தேன்மெழுகுத் துண்டு ஒன்று.

உளியும் ஊசியும் நூலும் தவிர ஏனையவற்றில் பல எமது வீடுகளில் ஏற்கனவே இருப்பவை. பூ வேலை அச்சுகள், விளிம்பு சீவும் ஆயுதங்கள், பலவகை அழுத்தி பட்டன் கருவிகள் எல்லாம் பின்னர் தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக வாங்கக் கூடியவை. வட்டிக்குக் கடன் பெற்று ஆயுதம் வாங்குவதை அறவே தவிர்த்துக் கொள்வோம்.

முதற் பயிற்சி: அட்டை வைக்கும் சிறு பேர்ஸ்

வங்கி அட்டையின் அளவு ஏறத்தாழ 86 மில்லிமீற்றர் நீளமும் 54 மில்லிமீற்றர் உயரமும் ஆகும். லெமினேட் செய்த பழைய அட்டைகள் இதைவிடப் பெரிதாக இருக்கலாம். வைக்கப் போகும் அட்டையை முதலில் அளந்து பார்த்துக் கொள்ளுங்கள்.

தடித்த காட்போட்டில் 10 சென்ரிமீற்றர் நீளம், 6 சென்ரிமீற்றர் உயரத்தில் மாதிரி ஒன்றை வெட்டுங்கள். அதனைத் தோலின் மேல் வைத்து அடையாளமிட்டு, இரண்டு துண்டுகள் வெட்டிக் கொள்ளுங்கள். ஒரே வெட்டில் அறுக்க முயல வேண்டாம். அடிமட்டத்தை இறுகப் பிடித்து, மெதுவாக மூன்று நான்கு முறை இழுத்தால் வெட்டு நேராக வரும். கத்தி செல்லும் பாதையில் மறு கை ஒருபோதும் இருக்கக் கூடாது. முன் துண்டின் மேல் விளிம்பின் நடுவில் பெருவிரல் நுழையுமளவு பிறை வடிவில் வெட்டி விடுங்கள். அட்டையை வெளியே தள்ளி எடுக்க அது உதவும். இரண்டு மேல் விளிம்புகளையும் இப்போதே தேய்த்து முடித்து விட வேண்டும். ஒட்டிய பின் அங்கே கை எட்டாது.

தோலின் உட்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, மேல் பக்கம் தவிர்ந்த மூன்று ஓரங்களிலும் 3 மில்லிமீற்றர் அகலத்துக்கு மெல்லியதாகப் பசை பூசுங்கள். இரு துண்டிலும் பூச வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பின்னர் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும் போதே ஒட்டுவதுதான் புதியவர்கள் பலர் செய்யும் தவறு. பசையின் ஆவி கெடுதியானது, தீப்பற்றவும் கூடும். யன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் தள்ளி வேலை செய்யுங்கள்.

கவராயத்தை 3.5 மில்லிமீற்றருக்கு விரித்து, ஓரத்தோடு இழுத்துத் தையல் கோடு கீறுங்கள். அக்கோட்டின் மேல் உளியைச் செங்குத்தாகப் பிடித்து அடியுங்கள். ஒவ்வொரு முறையும் உளியின் முதற் பல்லைக் கடைசித் துளையில் வைத்துவிட்டு அடித்தால் இடைவெளி மாறாது.

இனித் தையல். கோட்டின் மொத்த நீளம் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். அதன் நான்கு மடங்கும், ஊசியைக் கையாள இன்னும் சற்றும் சேர்த்து 1 மீற்றர் நூல் எடுங்கள். நூலின் இரு முனையிலும் ஊசி கோருங்கள். முதல் துளையினூடாக நூலை இழுத்து, இரு பக்கமும் சம அளவாக்கிக் கொள்ளுங்கள். அடுத்த துளையில் இடது ஊசியை முதலில் செலுத்தி, பின்னர் அதே துளையில் வலது ஊசியை எதிர்ப்பக்கமாகச் செலுத்தி, இரண்டையும் ஒரே இழுவையில் இறுக்குங்கள். எந்த ஊசி முதலில் போகிறது என்ற ஒழுங்கை இறுதி வரை மாற்றக் கூடாது. தையல் சாய்வு ஒரே சீராக வருவதன் இரகசியம் அதுவே. முடிவில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து, நூலை வெட்டுங்கள். பொலியெஸ்டர் நூலாயின் முனையை லைட்டரால் இலேசாக உருக்கி அழுத்தி விடலாம்.

இயந்திரத் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொளுவி நிற்கின்றன. ஒன்று அறுந்தால் அத்தையல் உருவிக் கொண்டு போகலாம். இரட்டை ஊசித் தையலிலோ இரண்டு நூலும் ஒவ்வொரு துளையையும் தனித்தனியே கடக்கின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றையது பிடித்துக் கொள்ளும். கைத்தையலுக்கு வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுப்பதற்கு நியாயமான காரணம் இதுதான்.

கடைசியாக விளிம்பு. சேண்ட் பேப்பரால் மட்டப்படுத்தி, சிறிது நீர் தொட்டு, மழமழப்பான மரத்துண்டால் வேகமாகத் தேயுங்கள். பின்னர் தேன்மெழுகு தடவித் துணியால் மீண்டும் தேயுங்கள்.

சோர்ந்து போகும் இடங்கள்

வெட்டு கோணலாகப் போனால் பெரும்பாலும் குற்றம் கையில் இல்லை, மழுங்கிய அலகில் இருக்கும். மழுங்கிய கத்திக்குப் பலம் கொடுக்க வேண்டியிருப்பதால் காயமும் அதிலேயே அதிகம். அலகை அடிக்கடி மாற்றுங்கள். தையல் வளைந்து போனால் உளி சரிந்து நின்றிருக்கிறது. நூல் பிசிறினால் மெழுகு போதவில்லை. இப்படி ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணம் உண்டு. செய்த ஒவ்வொரு பேர்ஸின் உள்ளேயும் திகதியை எழுதி வையுங்கள். முதலாவதையும் ஐந்தாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பார்வை தரும் உற்சாகத்தை வேறு எவரும் தர முடியாது.

எமது நாட்டின் ஈரப்பதனில் தோலில் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். தோலையும் செய்து முடித்த பொருட்களையும் பொலித்தீன் பையில் கட்டி வைக்காமல், பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில், உழ்ஹிய்யாத் தோலை வீட்டிலேயே பதனிட முடியாதா என்ற எண்ணமும் சிலருக்கு வரும். பதனிடல் வேறொரு தொழில், கழிவு நீர்ப் பிரச்சினையும் உண்டு. ஆனால் தோல் வீணாகாமல் தடுக்கலாம். உரித்த சில மணித்தியாலங்களுக்குள் உட்பக்கம் முழுவதும் கல்லுப்பைத் தாராளமாகப் பரப்பினால், பதனிடும் இடத்துக்குச் செல்லும் வரை அது பழுதாகாது. உழ்ஹிய்யாக் கொடுத்தவர் தோலை விற்றுப் பணம் எடுப்பதோ, அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுப்பதோ கூடாது என்பதையும் நினைவில் கொள்வோம். அதனைத் தர்மமாகக் கொடுக்கலாம்.

விற்கும் போது

முதல் பத்தையும் வீட்டாருக்கும் உறவினருக்கும் கொடுத்துப் பாவிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதங்களின் பின் வாங்கிப் பாருங்கள். எங்கே நூல் விட்டது, எங்கே விளிம்பு பிரிந்தது என்பதை அவை சொல்லித் தரும். அதன் பின்னரே விலை பற்றிப் பேச வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு: தோல், நூல், பசை 400 ரூபா, வீணாகும் துண்டுகளுக்கு 80 ரூபா, மூன்று மணித்தியால உழைப்பு மணிக்கு 300 ரூபா வீதம் 900 ரூபா, ஆயுதத் தேய்மானம் 120 ரூபா. மொத்தம் 1500 ரூபா. இலாபம் இதற்கு மேல்தான். இதே பொருளுக்கு ஆறு மணித்தியாலம் எடுத்தால் அடக்க விலை 2400 ரூபாவாகி விடும். ஆகவே கை பழகுவது அழகுக்கு மட்டுமல்ல, விலைக்கும் அவசியமானது. தமது உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விற்கும் சகோதரிகள் பலர், இலாபம் என்று எண்ணித் தமது கூலியையே இழந்து கொண்டிருக்கிறார்கள்.

உள் அஸ்தர் ரெக்சினானால் ரெக்சின் என்றே சொல்லுங்கள். தோலில் தழும்பு இருந்தால் காட்டி விற்றுவிடுங்கள். குறையை மறைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். வியாபார ரீதியில் பார்த்தாலும், சிறு கைத்தொழிலாளருக்கு விளம்பரம் செய்யப் பணமில்லை. வாங்கியவரின் நல்வார்த்தையே அவரது விளம்பரம்.

இவ்வார விடுமுறையில் இரண்டு துண்டுத் தோலும், ஒரு மீற்றர் நூலும் எடுத்து உட்காருங்கள். முதலாவது கோணலாகத்தான் வரும். இரண்டாவதைத் தொடங்கி விடுங்கள். பொறுமையோடு பழகுபவரின் கைக்கு இன்ஷா அல்லாஹ் பரக்கத் கிடைக்கும்.