முதல் மாசத்துக் கூட்டம் போன பிறகு

காலேஜில் ஜெபக்குழு நடத்துகிற எல்லோருக்கும் இது தெரிந்த கதைதான். டி.என்.இ.ஏ. கவுன்சிலிங் முடிந்து ஃபர்ஸ்ட் இயர் பசங்க வந்து சேர்ந்ததும் முதல் வெள்ளிக்கிழமை உட்கார இடம் இருக்காது. கிட்டார் இருக்கும், டீயும் வடையும் இருக்கும். முதல் இன்டர்னல் முடியும்போது நாற்பது பேர் இருந்த இடத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். உடனே லீடருக்கு ஒரு யோசனை வரும்: இன்னொரு பெரிய புரோகிராம் வைத்தால் என்ன?

வைக்கிறதுக்கு முன்னாடி யோவான் 6-ஐ ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே ஐயாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். மறுநாளும் தேடிக்கொண்டு வருகிறார்கள். பேச்சு கடினமானதும் சீஷர்களிலேயே பலர் பின்வாங்கிப் போகிறார்கள். இயேசு அந்த அதிகாரத்தில் மறுபடி அப்பம் கொடுத்து அவர்களைத் திரும்பக் கூட்டவில்லை. மிச்சம் இருந்த பன்னிரண்டு பேர் பக்கம் திரும்பி, நீங்களும் போகிறீர்களா என்று நேரடியாகவே கேட்கிறார். கூட்டம் குறைந்தபோது அவர் செய்தது, இருக்கிறவர்களிடம் பேசினது. நமக்கும் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. நம்மிடமிருந்து போனவர்கள் எல்லோரும் கடினமான உபதேசம் கேட்டுப் போனவர்கள் இல்லை. பாதிப் பேருக்குக் காரணம் பஸ். மேலூர், திருப்புவனம், திருமங்கலம் பக்கமிருந்து வருகிற டே ஸ்காலர், சாயங்காலம் காலேஜ் பஸ்ஸை விட்டால் ஒத்தக்கடை ஸ்டாப் வரை போய் நிற்கணும், மாட்டுத்தாவணியில் மாறணும், வீட்டில் விளக்கம் சொல்லணும். பொண்ணுங்களுக்கு இது இன்னும் கஷ்டம். அஞ்சு மணிக்குக் கூட்டம் வைத்தால் அது ஹாஸ்டல் கூட்டம்தான், பேர் என்ன வைத்தாலும் சரி. அவங்க விசுவாசம் குறையல, பஸ் போயிருச்சு. லஞ்ச் பிரேக்கில் இருபது நிமிஷம் மரத்தடியில் இன்னொரு கூடுகை வையுங்கள். பாட்டு வேண்டாம், ஒரு பகுதி வாசித்து ஜெபித்தால் போதும்.

இன்னொரு காரணம் மொழி. நான் இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவன், வேதத்தையும் இங்கிலீஷில் வாசித்துப் பழகினவன். நம்மளை மாதிரி ஆட்கள் பாட்டு செலக்ட் பண்ணினால் எல்லாம் இங்கிலீஷ் கோரஸாக இருக்கும். கிராமத்துச் சபையில் கீர்த்தனை பாடி வளர்ந்தவர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு, அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஒரே பகுதியை இரண்டு மொழியிலும் வாசிக்கச் சொல்லுங்கள். நம்ம பழைய தமிழ் வேதாகமத்தில் பல வார்த்தைகளுக்கு எனக்கு அர்த்தம் கேட்கணும். கேட்டால் அவர்கள் சொல்லித் தருவார்கள். சும்மா வந்து உட்கார்ந்தவர் இப்போது சொல்லிக்கொடுக்கிறவர் ஆகிவிட்டார்.

மூன்றாவது காரணத்தைத்தான் நாம கவனிக்கிறதே இல்லை. மேத்ஸில் ஃபெயில் ஆனவன் ஜெபக்குழுவுக்கு மட்டுமில்லை, மெஸ்ஸுக்கும் வரமாட்டான். ஸ்கூலில் டாப்பராக இருந்திருப்பான், வீட்டில் சொல்லியிருக்கமாட்டான். தலையை எண்ணுகிற லீடருக்கு இது ஒரு நம்பர் குறைவு, அவ்வளவுதான். யாராவது ரூம் கதவைத் தட்டணும். "ஏன் கூட்டத்துக்கு வரல?" என்று கேட்காதீர்கள், "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். வாழப் பிடிக்கலை என்கிற மாதிரி பேச்சு வந்தால் ஜெபம் பண்ணிட்டு ரூமுக்குத் திரும்பிடாதீங்க. கூடவே இருங்கள், வார்டனிடமோ டியூட்டரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள், டெலிமானஸ் 14416-க்கு போன் பண்ணுங்கள். ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

இதை ஒரே ஆள் செய்ய முடியாது. யாத்திராகமம் 18-இல் மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து வழக்குக் கேட்கிறதைப் பார்த்து மாமனார் எத்திரோ கண்டிக்கிறார். பத்துப் பேருக்கு ஒருவர் என்கிற அளவு வரை பிரிக்கச் சொல்கிறார். நமக்கு ஒரு செகண்ட் இயருக்கு நாலு ஃபர்ஸ்ட் இயர் போதும். ஒருத்தர் போன் எடுக்காவிட்டால் யாருக்குத் தெரியணும் என்பது அப்போது தெளிவாகிவிடும். 1729-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெஸ்லி சகோதரர்கள் கூடியபோதும் விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தான். அடுத்த வருஷமே அங்கிருந்து சிறைக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்தார்கள்.

நோட்ஸ், ஜெராக்ஸ், அரியர் பேப்பருக்குச் சொல்லிக்கொடுக்கிறது எல்லாம் கூட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் கொடுங்கள், எந்த மதமானாலும் கொடுங்கள். உதவியைக் காட்டி ஆள் சேர்த்தால் அதற்கு ஊழியம் என்று பெயர் இல்லை. வேற மத நண்பர் வேதபாடத்துக்கு வர விரும்பினால் அது என்ன கூட்டம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

1881-இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியிலும், 1948-இல் வந்த லேடி டோக்கிலும் வளாகத்துக்குள்ளேயே ஆலயம் உண்டு. யானைமலை பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிற நமக்கு அது கிடையாது, மாணவர்கள்தான் எல்லாம். 1954-இல் உருவான யு.இ.எஸ்.ஐ.யின் முதல் தலைவர் எச். ஏனோக் சென்னை மாநிலக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர். அப்படிப்பட்ட பெரியவர்கள் பின்னால் நின்றபோதும், காலேஜ் குழுவை மாணவர்களே நடத்தணும் என்பதுதான் அந்த இயக்கத்தின் பழக்கம். நல்ல பழக்கம். அதில் ஒரே ஆபத்து, நாம நாலு வருஷத்தில் போய்விடுவோம். ஃபைனல் இயர் வந்தாலே பிளேஸ்மென்ட் டிரைவ், புராஜெக்ட் ரிவ்யூ. ஈவன் செமஸ்டரில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டால் பேட்ச்சோடு சேர்த்துக் குழுவும் ஃபேர்வெல் வாங்கிவிடும்.

அதனால் அடுத்த வெள்ளிக்கிழமைக்கே ஒரு செகண்ட் இயரிடம் பகுதியைக் கொடுங்கள். முந்தின நாள் சாயங்காலம் கூட உட்கார்ந்து மூணு கேள்வி தயார் பண்ணுங்கள். அன்றைக்கு நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். இடையில் திணறினால் ஒரு நிமிஷம் அப்படியே விடுங்கள், யாராவது பேசுவார்கள்.