சிறை மீண்ட கிளியும் சாவகர் கடமையும்

கொல்லாமை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கூண்டுக்கிளியின் வாழ்வை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கூண்டு என்பது கட்டு. சிறகிறகை வெட்டுதல் பறக்கும் ஆற்றலைச் சிதைத்தல். நெல்லும் மிளகாயும் மட்டுமே இடுவது சத்துணவைத் தடுத்தல். ஆக, அன்போடு வளர்ப்பதாக எண்ணும் இல்லத்திலும் மூன்று அதிசாரங்கள் நிகழ்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும், நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றமாகும்.

அவ்வாறாயின், விழா நாட்களில் கிளிகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுவது அறமன்றோ என்று அன்பர்கள் வினவலாம். எண்ணம் தூயது, விளைவு வேறு. நாம் தரும் பணம், வேடனை மீண்டும் மரப்பொந்தை நோக்கி அனுப்புகிறது. இறகு வெட்டப்பட்ட கிளியோ, சிறிது தூரம் சென்று விழுந்து பூனைக்கும் காகத்திற்கும் இரையாகிறது. அறிவோடு கூடாத தயை, உயிர்க்கு ஊறாகவும் முடியும் என்பதை இங்கே காண்கிறோம்.

மீட்கப்பட்ட கிளிகளை மூவகையாகப் பகுத்து அறிதல் நலம்.

முதலாவது, காட்டிற்குத் திரும்பக்கூடிய நம் நாட்டுக் கிளி. இதனை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் பரவும் ஆதலின், மறுவாழ்வு மையத்தில் முதலில் அதனைத் தனித்து வைத்து மருத்துவர் ஆராய்வார். வெட்டுண்ட இறகு நகம்போல் வளர்வதில்லை. எஞ்சிய காம்பு தானே உதிர்ந்து, அவ்விடத்தில் புதிய இறகு முளைத்தல் வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அக்காலத்தில் விரிந்த வலைக்கூடத்தில் தன்னினத்தோடு பறந்து பழகவும், கிளையில் தொங்கும் காய்கனிகளைத் தானே கொத்தித் தின்னவும் அது பயில வேண்டும். அதனோடு கொஞ்சிப் பேசுதல் ஆகாது. மனிதரைக் கண்டு அஞ்சும் கிளியே விடுதலைக்குத் தகுதி பெற்றது. விடுவிக்கும்போதும் கூடத்தைத் திறந்து வைத்து, சில நாட்கள் உணவிட்டு, அது தானே நீங்கிச் செல்ல இடமளிப்பர்.

இரண்டாவது, சிறகொடிந்ததும், குஞ்சிலிருந்தே மனிதர் கையில் உண்டு வளர்ந்து காட்டை அறியாததும். இதற்கு மையத்திலேயே தன்னினத்தோடு வாழ்நாள் அடைக்கலம் தருவதே தயை.

மூன்றாவது, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பஞ்சவர்ணக்கிளி முதலிய அயல்நாட்டுக் கிளிகள். இவற்றை இங்கே வெளியில் விடலாகாது. பசியால் மடியலாம், பெருகினால் நம் பறவைகளின் பொந்துகளைக் கவரலாம். இவையே இல்லங்களில் தத்தெடுத்தற்குரியவை. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்களைப் பதிவு செய்தல் வேண்டும். கீரை, காய், கனி, ஊறவைத்த பயறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். வாணலியின் ஒட்டாப் பூச்சு மிகச் சூடேறி எழும் புகை கிளியைக் கொல்லும். ஆதலின் அடுக்களையருகில் வைக்கலாகாது. தனிமையில் வாடும் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். சாம்பல் கிளி 40 ஆண்டுகளுக்கும் மேல் வாழ வல்லது. எழுபதைக் கடந்த நாம் அதனை ஏற்பின், நமக்குப் பின் காப்பவர் யார் என்பதற்கு விடை கண்ட பின்னரே ஏற்க வேண்டும்.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லால் மந்திரில் சமணப் பறவை மருத்துவமனை இயங்குகிறது. குணமடைந்த பறவையை வளர்த்தவரிடம் திருப்பித் தராமல் விடுவிப்பது அதன் வழக்கம். உயிர் எவருடைய உடைமையும் அன்று என்னும் கொள்கை அங்கே செயலாகிறது.

வரும் விழா நாளில் பறவை வாங்க எண்ணிய தொகையைப் பறவை மருத்துவத்திற்கு அளிப்போம். அண்டை வீட்டில் கூண்டுக்கிளி இருப்பின், அவரைப் பழியாது, அன்போடு எடுத்துரைத்து வனத்துறையிடம் சேர்ப்பிக்கத் துணைநிற்போம். கூண்டின் கதவைத் திறக்க ஒரு கணம் போதும். கிளிக்கு வானத்தைத் திருப்பித் தரப் பல மாதப் பொறுமை வேண்டும். அப்பொறுமையும் அணுவிரதத்தின் பகுதியே எனக் கொள்வோமாக.