நுண்ணுயிரின் மரபுச் செல்வம்

நுழையும்முன்

நெல் என்னும் ஒரே பயிரில் எத்தனையோ ரகங்கள் உண்டு. வெள்ளத்தைத் தாங்குவது ஒன்று. வறட்சியைத் தாங்குவது மற்றொன்று. உழவர்கள் கண்ணால் கண்டு தெரிந்தெடுத்த பன்மை அது. கண்ணுக்குப் புலப்படாத ஈஸ்ட்டிலும் அத்தகைய பன்மை உண்டு. மனிதர் அறியாமலேயே வளர்த்த அச்செல்வத்தின் இயல்பையும் அதனைக் காக்க வேண்டியதன் தேவையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஓரினமும் பல ரகங்களும்

ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல்லால் ஆன பூஞ்சை. சர்க்கரையை உட்கொண்டு கரியமில வாயுவையும் எத்தனாலையும் வெளியிடும் அதன் செயலே நொதித்தல் எனப்படுகிறது. ரொட்டி மாவு உப்புவதும், திராட்சைச் சாறு மதுவாவதும், கரும்புச் சாற்றிலிருந்து எரிபொருள் கிடைப்பதும் இச்செயலால்தான். இவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்வது ‘சாக்கரோமைசிஸ் செரிவிசியே’ என்னும் ஓரினமே.

16 குரோமோசோம்களையும் ஏறத்தாழ 6,000 மரபணுக்களையும் கொண்ட இதன் மரபணுத்தொகுதி 1996ஆம் ஆண்டில் முழுமையாகப் படித்தறியப்பட்டது. செல்லில் தெளிவான உட்கரு உடைய உயிரினங்களுள் அவ்வாறு முதன்முதலில் அறியப்பட்டது இதுவே. ஆயினும், அன்று அறியப்பட்டது ஆய்வகத்தில் வளர்ந்த ஒரு ரகம் மட்டுமே. ஒருவரின் கைரேகையைக் கொண்டு ஊரார் அனைவரையும் அறிய இயலுமா? 2018ஆம் ஆண்டில், உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டப்பட்ட 1,011 ரகங்களை ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. சீனா, தைவான் பகுதிகளைச் சேர்ந்த ரகங்களிடையே வேறுபாடு மிகுந்திருப்பதால், இவ்வினம் அப்பகுதியில் தோன்றி உலகெங்கும் பரவியிருக்க வேண்டும் என்று அவ்வாய்வு கருதுகிறது.

பெற்றதும் இழந்ததும்

திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சை நோயைத் தடுக்கத் தாமிர உப்புக் கலந்த மருந்தைத் தெளிப்பர். தாமிரம் மிகுந்தால் ஈஸ்ட்டும் மடியும். ஆனால், திராட்சைச் சாற்றில் வாழும் ரகங்கள் பலவற்றில், தாமிரத்தைப் பிணைத்து அதன் நஞ்சைத் தணிக்கும் புரதத்திற்குரிய மரபணு பல படிகளாகப் பெருகியுள்ளது. ரொட்டித் தொழிலில் பயன்படும் ரகங்கள் பலவற்றில் குரோமோசோம்கள் நான்கு தொகுதிகளாக உள்ளன. பார்லியிலிருந்து பீர் வடிக்கப் பயன்படும் ரகங்கள், மற்றவை எளிதில் உண்ண இயலாத மால்டோட்ரையோஸ் என்னும் சர்க்கரையையும் உண்ணுகின்றன.

இவ்வாறு பெற்றதற்கு ஈடாக அவை இழந்ததும் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தொட்டிகளிலேயே வாழ்ந்த பீர் ரகங்கள் பல, பாலினப் பெருக்கத் திறனை இழந்துவிட்டன. கூண்டில் பிறந்து வளர்ந்த கிளி காட்டில் இரைதேட அறியாததுபோல, தொட்டிக்கு வெளியே அவை வலுவிழந்து நிற்கின்றன.

தூய்மையும் பன்மையும்

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883ஆம் ஆண்டில் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்க்கும் முறையைக் கண்டார். வேண்டாத ரகங்கள் கலந்து சுவை கெடுவது அதனால் நீங்கியது, தரம் நிலைபெற்றது. அதே வேளையில், பல ரகங்கள் கலந்து வாழ்ந்த தொட்டிகளில் ஒரே ரகம் ஆட்சி செய்யத் தொடங்கியது.

குளிரில் நொதிக்கும் அந்த ஈஸ்ட் ஒரு கலப்பினம். அதன் பெற்றோருள் ஒன்று செரிவிசியே. மற்றொன்று எதுவென்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 2011ஆம் ஆண்டில், அர்ஜென்டினாவின் படகோனியாக் காடுகளில், தெற்குப் பீச்சு மரங்களோடு தொடர்புடையதாக ஒரு குளிர்தாங்கும் ஈஸ்ட் கண்டறியப்பட்டது. ‘சாக்கரோமைசிஸ் யூபயானஸ்’ எனப் பெயரிடப்பட்ட அதன் மரபணுக்கள், கலப்பினத்தின் மறுபாதியோடு 99.5 விழுக்காடு ஒத்திருந்தன. பெருந்தொழில் ஒன்றைத் தாங்கி நிற்கும் குளிர்தாங்கும் பண்பு, காட்டுயிர் ஒன்றின் கொடை என்பது அதனால் புலனாயிற்று. பின்னர் இவ்வினம் திபெத்திலும் அயர்லாந்திலும் காணப்பட்டது.

பிரேசில் நாட்டின் எரிபொருள் ஆலைகளும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றன. அங்குக் கரும்புச் சாற்றில் இடப்பட்ட ரொட்டி ஈஸ்ட்டுகள், அமிலமும் வெப்பமும் மிகுந்த தொட்டிகளில் நிலைக்கவில்லை. வெளியிலிருந்து தாமாகப் புகுந்த ரகங்களே அவற்றை வென்று நிலைத்தன. அவற்றுள் வலியவற்றைத் தெரிந்தெடுத்து ஆலைகள் இன்று பயன்படுத்துகின்றன.

காக்கும் கடமை

நாளைய தொழிலுக்கு எந்தப் பண்பு தேவைப்படும் என்பதை இன்று யாரும் கூற இயலாது. ஆதலால், இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள தேசிய ஈஸ்ட் காப்பகம் 4,000க்கும் மேற்பட்ட ரகங்களைப் பேணி வருகிறது. இந்தியாவில் சண்டிகரிலுள்ள காப்பகம் 1986ஆம் ஆண்டு முதல் பலவகை நுண்ணுயிரிகளைக் காத்து வருகிறது. எனினும், உறைநிலையில் வைக்கப்பட்ட ரகம் இருந்தபடியே இருக்கும். காட்டில் வாழும் ரகமோ சூழலுக்கேற்பப் புதிய பண்புகளைப் பெற்றுக்கொண்டே இருக்கும். ஒரு காடு அழியும்போது மரங்களோடு, பெயரிடப்படாத நுண்ணுயிர் ரகங்களும் மறைகின்றன. காட்டைக் காப்பது, கண்ணுக்குத் தெரியாத அச்செல்வத்தையும் காப்பதாகும்.

கற்பவை கற்றபின்

1. ‘தூய்மை தரத்தைத் தரும், பன்மை பாதுகாப்பைத் தரும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
2. உமது பகுதியில் முன்பு விளைந்து இன்று அருகிவிட்ட பயிர் ரகங்களின் பெயர்களையும் சிறப்புகளையும் பெரியோரிடம் கேட்டறிந்து தொகுக்க.